ஓட்டைப் பேசும் முன் வார்டைப் பேசு, அம்மணி

கேள்வி இதுதான்: "டீச்சர், எனக்கு ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து படிக்கும் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பை என்.எஸ்.எஸ்.ஸில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?' என்று சிலர் கேட்கிறார்கள். 'நாம் கேரளாவா, தமிழ்நாடா என்றே யாருக்கும் தெரியாது, நம்மை யார் கேட்கிறார்கள்?' என்கிறார்கள் சிலர். இவர்களிடம் எப்படிப் பேசுவது? ஹாஸ்டலில் இருப்பவர்கள் எந்த ஊரில் பெயர் சேர்ப்பது?"

அம்மணி, இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம், கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விதான் பெரியது.

நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். அதோடு பதினோரு வருடம் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வேலையும் பார்த்தேன். ஒரு பூத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய், பதினெட்டு முடிந்தவர்களைச் சேர்ப்பது, இறந்தவர்களைக் குறித்துக்கொள்வது, கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் போன பெண்களின் பெயரை மாற்றச் சொல்வது, இதுதான் வேலை. இத்தனை வருடத்தில் 'ஓட்டுப் போடுவது நம் கடமை' என்று சொல்லி ஒரு பிள்ளையைக்கூட நான் நகர்த்தியதில்லை. தேர்தல் ஆணையம் தொடங்கியது 1950 ஜனவரி 25. அந்த நாளை 2011-லிருந்து வாக்காளர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். கல்லூரிகளில் உறுதிமொழி எடுப்பார்கள், கோலப் போட்டி வைப்பார்கள், பேனர் பிடித்துக்கொண்டு பேரணி போவார்கள். அன்றைக்குக் கையை நீட்டி உறுதிமொழி எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வாரம் படிவத்தோடு போனால், "அப்புறம் பார்க்கலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த உறுதிமொழியில் அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிற எதுவுமே வருவதில்லையே.

அதனால் நீ ஓட்டில் ஆரம்பிக்காதே. "உன் தெருவில் உனக்கு எது எரிச்சலாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆரம்பிப்பார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் இருட்டு என்பாள் ஒருத்தி. குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பான் ஒருவன். அந்தப் பேச்சிலிருந்துதான் நீ வழி பிடிக்க வேண்டும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் எங்கள் வார்டில் கிராம சபை. எல்.பி. ஸ்கூல் வராந்தாவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழு அக்காமார், ஓரத்தில் வீட்டுக்கு மனுக் கொடுக்க வந்த ஆத்தாக்கள். கையெழுத்து நோட்டு ஒவ்வொரு கையாக மாறிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். என்.எஸ்.எஸ். கணக்குக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் வந்திருந்தார்கள். வார்டு மெம்பர், வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியலை வாசித்து முடித்து, "வேறு யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்த நாலு பேரில் ஒரு பெண் எழுந்தாள். குரல் நடுங்கியது. காலனிக்குப் போகும் வழியில் ஐந்து கம்பம் இருக்கிறது, ஒன்றிலும் விளக்கு எரிவதில்லை, ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. மெம்பர், "மினிட்ஸில் எழுதுங்கள்" என்றார். எழுதினார்கள். உட்கார்ந்த பிறகு அவள் என்னிடம் குனிந்து, "எழுதிட்டாங்களா டீச்சர், நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஐந்து கம்பத்தில் மூன்றில் விளக்கு வந்தது. அதற்கே நாலைந்து மாதம் ஆனது. மிச்சம் இரண்டுக்கு அடுத்த சபையில் அவளே மறுபடியும் எழுந்தாள். அதற்கப்புறம் பெயர் சேர்க்கும் படிவத்தை நான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவளே தம்பியையும் சித்தப்பா மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

இதற்குப் பின்னால் இருக்கிற சட்டத்தை உன் பிள்ளைகளுக்குச் சொல்லு, அவர்களுக்குத் தெரியாது. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியாகக் கிராம சபை உண்டு. அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். பெயர் இல்லாதவர் வந்து வேடிக்கை பார்க்கலாம், சபையின் ஆள் ஆக முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மெம்பர் அதைக் கூட்டியாக வேண்டும். நூற்றுக்குப் பத்து வாக்காளர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு, கக்கூஸ், ஆடு, கோழி என்று எந்தத் திட்டமானாலும் யாருக்கு முதலில் என்ற வரிசை அங்கேதான் பேசப்படுகிறது. 1996-ல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத்தின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆக, அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற பேச்சுக்குப் பின்னால் காசு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் உன் குழுவில் இருந்தால் அவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே பஞ்சாயத்து முழுவதற்கும் ஒரே கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்தே கூட்டுகிறார்கள். அதில் நாலு நாள் அரசு லீவுதான், ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கும் நாள்.

"இந்தப் பஞ்சாயத்தால் என்ன பெரிதாக நடந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு நீ வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். நம் பக்கத்துப் பெருமாட்டியைக் காட்டு. அந்தப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடையில் 2000-ல் ஒரு பெரிய குளிர்பான ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது, மட்டம் இறங்கியது. சோற்றை அந்தத் தண்ணீரில் வடித்தால் வாயில் வைக்க முடியவில்லை. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் சமூகத்துப் பழங்குடிப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். அடுத்த வருடம், 2003 ஏப்ரலில், பெருமாட்டிப் பஞ்சாயத்து அந்த ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. உலகம் முழுக்கக் கடை வைத்திருக்கிற கம்பெனி, அதற்கு எதிரே ஒரு கிராமப் பஞ்சாயத்து. கேஸ் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று போனது. தீர்ப்பும் ஒரே பக்கமாக வரவில்லை. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவில்லை. ஜனங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு கணக்குப் போட்டது. 2011-ல் நஷ்டஈட்டுக்காகச் சட்டசபை மசோதாவும் நிறைவேற்றியது. அந்த மசோதா சட்டமாகவில்லை. அந்த மனக்குறை எங்களுக்கு இன்றைக்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லு. ஜெயித்ததை மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இதில் அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லைசென்ஸ் இல்லை என்று கை தூக்கிய பஞ்சாயத்து மெம்பர்கள் ஒவ்வொருவரும் சில நூறு ஓட்டில் வந்தவர்கள். பந்தலில் உட்கார்ந்த ஆட்கள் ஓட்டும் போடுகிற ஆட்களாக இருந்ததால்தான் அந்தக் கைகள் தூக்கப்பட்டன.

மூணாறையும் சொல்லலாம். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்களில் சிலர் நின்று ஜெயித்து உறுப்பினர்களாகவும் ஆனார்கள். "நம்மை யார் கேட்கிறார்கள்?" என்று சொல்லும் உன் தோழிகளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லு. கேட்க வைத்தவர்கள் நம் பாஷை பேசுகிறவர்கள்தான்.

ஒரு ஓட்டுக் கணக்குக்கு வருவோம். 2021 சட்டசபைத் தேர்தலில் பெரிந்தல்மண்ணையில் வித்தியாசம் 38 ஓட்டு. 2016-ல் மஞ்சேஸ்வரத்தில் 89. அதே வருடம் தமிழ்நாட்டில் ராதாபுரத்தில் 49. இதெல்லாம் லட்சக்கணக்கில் ஓட்டுப் பதிவாகும் தொகுதிகள். வார்டுத் தேர்தலில் ஒற்றை இலக்கத்தில் ஜெயிப்பதையும், சமமாக வந்து சீட்டுக் குலுக்கிப் போட்டதையும் நானே பார்த்திருக்கிறேன். உன் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு மேசையில் உட்காருகிற ஆட்கள் போதும் ஒரு வார்டைத் திருப்ப.

ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது 1989 மார்ச்சில், 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். அதற்கு முன்னால் டிகிரி படித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லூரியில் இருக்கும்போது ஓட்டே கிடையாது. என் அண்ணனுக்கு அப்படித்தான், டிகிரி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் முதல் ஓட்டு. இன்றைக்கு 21 வயதில் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளராகவே நிற்கலாம். பத்தனம்திட்டை மாவட்டம் அருவாப்புலத்தில் ரேஷ்மா மரியம் ராய் என்ற பெண்ணுக்கு 2020 நவம்பரில், மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் 21 முடிந்தது. நின்றாள், ஜெயித்தாள், பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் ஆனாள். கேரள உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. உன் அம்மா "பொம்பளப் பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?" என்றால், நம் வார்டில் நிற்கிறவர்களைக் காட்டு. குடும்பஸ்ரீயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அக்காதானே இன்றைக்குப் பல ஊரில் மெம்பர்.

எந்தக் குறையை எந்த ஆபீஸில் சொல்வது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடு. தெருவிளக்கு, ஊர்வழி, அங்கன்வாடி, குப்பை என்றால் பஞ்சாயத்து. பஸ் ரூட் என்றால் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டியிருக்கும். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு வரவில்லை என்றால் மெம்பரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். அது இரண்டு அரசுகள் பேச வேண்டிய விஷயம். சட்டசபைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நம் ஜனம் அதைக் கேட்க வேண்டும். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். எங்கே மனுக் கொடுத்தும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். ஒரு தடவை ஒரு பிள்ளை அப்படி எழுதிப் பதில் வாங்கிவிட்டால், அந்தக் காகிதத்தை ஹாஸ்டல் முழுக்கக் காட்டும்.

பாஷைப் பயத்தையும் நீ தீர்க்க வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள், அக்ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் மலையாளத்தில் படிவத்தைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள். பேச வரும், எழுத வராது என்று கூச்சம். தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்று 1969-லேயே கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் எழுதினார்கள். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவும் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்கிறது. தேவிகுளத்து எம்.எல்.ஏ. 2021-ல் சட்டசபையிலேயே தமிழில்தான் பதவிப் பிரமாணம் எடுத்தார். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு ரசீது கேட்கப் பழக்கு. "மலையாளத்தில் எழுதி வா" என்று ஒரு ஆபீஸில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தின் நகலோடு மறுநாள் போனோம். வாங்கிக்கொண்டார்கள்.

சரி, இப்போது பெயர் சேர்ப்பது.

ஹாஸ்டல் பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. ஊரில் வீட்டு முகவரியிலேயே இருக்கலாம். படிக்கப் போவது தற்காலிகமாக வெளியே இருப்பதுதான். அதனால் சொந்த ஊரில் குடியிருக்கிறவர் என்ற தகுதி போகாது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. வேண்டுமானால் ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம். அதற்குக் கல்லூரி முதல்வரிடம் போனஃபைட் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஊரிலேயே வைத்துக்கொள் என்றுதான். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம், சனி ஞாயிறு வந்துவிடுகிறார்கள், கிராம சபையும் இங்கேதான். இடுக்கி மலையிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்து, செமஸ்டருக்கு ஒரு தடவை மட்டும் ஊருக்குப் போகிறவர்களை ஹாஸ்டல் முகவரியில் சேர்த்துவிடு. நகரி, சத்தியவேடு பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து படிக்கிற ஆந்திரப் பக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

எல்லைப்புறத்தில் இருக்கிற பெரிய ஆபத்து இரண்டு பக்கமும் பெயர் இருப்பது. என் பூத்தில் ஒரு பையன், வயது பத்தொன்பது. பொள்ளாச்சியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். மாமா ஆசையாக அங்கே ஒரு படிவம் கொடுத்துவிட்டார், இங்கே அப்பா ஒன்று. பையனுக்கு இரண்டு கார்டு. தப்பு என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. வேறெங்கும் பெயர் இல்லை என்று படிவத்தில் பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பயமுறுத்த வேண்டாம், தெரியப்படுத்து. படிவம் 6 முதல் தடவை சேருகிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே பெயர் இருந்து முகவரி மாறினால் படிவம் 8. வேண்டாத இடத்தில் நீக்கப் படிவம் 7. அந்தப் பையன் படிவம் 7 கொடுத்துத் தமிழ்நாட்டுப் பெயரை நீக்கிக்கொண்டான். 2025 நவம்பரில் இரண்டு மாநிலத்திலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருப்பவர்கள் என்று பார்த்துப் பார்த்து நீக்கினார்கள். போன தடவை ஓட்டுப் போட்டேன், பெயர் இருக்கும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 1950-க்கு போன் போட்டோ ஆணையத்தின் தளத்திலோ பார்த்துவிடச் சொல்லு.

கேரளத்துப் பிள்ளைகள் தவறவிடுவது இன்னொன்று. இங்கே பட்டியல் இரண்டு. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல். பஞ்சாயத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அடையாள அட்டை கையில் இருக்கிறதே என்று பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வந்து, பெயர் இல்லாமல் பூத் வாசலில் அழுத பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டிலும் பார்க்கச் சொல்லு.

முதலாம் வருடப் பிள்ளைகளை "உனக்கு இன்னும் வயசாகலை" என்று அனுப்பிவிடாதே. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். 2022-லிருந்து சட்டசபை, பாராளுமன்றப் பட்டியலுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு முதல் தேதிகள். பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்.

ஓட்டு நாளுக்கு இரண்டு விஷயம். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது, ஆணையம் ஏற்கும் ஆவணங்களில் அது இல்லை. ஆதாரோ லைசென்ஸோ கொண்டுவரச் சொல்லு. அப்புறம் லீவு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. நம் பக்கம் ஓட்டு நடந்த வெள்ளிக்கிழமை கோவையில் தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. லீவு கேட்கக் கூச்சப்பட்டே சில பிள்ளைகள் வராமல் இருந்துவிட்டார்கள். தேதி அறிவித்த அன்றைக்கே கேரளத்து மாணவர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பத்து நாள் முன்னால் கேட்டால் எந்த முதல்வரும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. உன் குழுவில் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்காதே, என்.எஸ்.எஸ். பெயரில் அது கூடாது. ஆனால் ஒரு பிள்ளை தானாக ஒரு கட்சியில் சேர்ந்தால் கெட்டுப்போய்விட்டது என்ற மாதிரிப் பார்க்காதே. யாரையுமே பிடிக்கவில்லை என்பவர்களுக்குச் சட்டசபை, பாராளுமன்றத் தேர்தலில் 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. அது அதிகம் வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலில் வந்தவர்தான் ஜெயிப்பார் என்பதையும் சேர்த்தே சொல்லு.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வரும்போது உன்னோடு இரண்டு பேரைக் கூட்டி வா. முதலில் இரண்டு பட்டியலிலும் உன் பெயரையே பார்ப்போம். கிராம சபை நோட்டீஸ் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவார்கள், பார்த்ததும் எனக்கு போன் பண்ணு. நான் முன்னாலேயே போய் இடம் பிடித்து வைக்கிறேன்.